மகளோடு மூச்சடக்கியவர்

அவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். உப்பில் செம்பட்டையான முடி, அகன்ற நெஞ்சு. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸான நான், அவர் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார்.

பிறந்து இரண்டு நாளான அவர் மகளுக்கு அடிக்கடி மூச்சு நின்றுபோகும். மானிட்டர் கத்தும். நான் ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டுவேன், மூச்சு திரும்பும். காரணம் டாக்டருக்குப் பிடிபடவில்லை. கர்ப்பத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று தாயிடம் கேட்டால், சத்து மாத்திரை மட்டும் என்றாள்.

மூன்றாம் நாள் காலையில்தான் கவனித்தேன். குழந்தையின் நெஞ்சு நின்றதும் அவரும் மூச்சை அடக்கினார். அது திரும்பிய பிறகே விட்டார்.

"என்ன அண்ணாச்சி, மூச்ச அடக்கிட்டு நிக்கிய?"

"அவ கீழ கெடக்கா சிஸ்டர். நான் மட்டும் எப்படி மேல வந்து மூச்சு விட?"

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஆழத்துக்குப் போயிட்டு வந்தா மூட்டு வலி தாங்காது. அதுக்குப் போடுத மாத்திரை. மாசமா இருக்கப்போ என் பொஞ்சாதி இடுப்பு வலின்னு அழுதா, எனக்கு வலி கொறையுதேன்னு அவளுக்கும் மாசக்கணக்கா குடுத்தேன். ஆஸ்பத்திரில சொல்லாதன்னு சொன்னதும் நான்தான்."

அட்டையோடு டாக்டரிடம் ஓடினேன். அது வீரியமான வலி மாத்திரை; தாய் வழியாகக் குழந்தைக்கும் போய் மூச்சை நிறுத்தியது அதுதான். அதற்கேற்ப வைத்தியம் மாறியது, குழந்தையும் தேறி வீட்டுக்குப் போனது.

இன்றும் மானிட்டர் கத்தினால் என் கை குழந்தையின் காலுக்குப் போகிறது, கண் கண்ணாடிக்கு வெளியே போகிறது. குழந்தைக்கு மூச்சு திரும்பும்வரை நானும் மூச்சு விடுவதில்லை.