தூங்கிக்கொண்டே பழுது பார்த்தவர்

வேலை செய்யும்வரை என் கணினிக்கு ஒரு குறையும் இல்லை. டீ குடிக்க எழுந்து போனால் போதும், திரை தூங்கிவிடும். பிறகு எழுப்பினாலும் எழாது. மாலைக்குள் தறிக்கு அனுப்ப வேண்டிய சேலை டிசைன் இரண்டு முறை பறிபோன பிறகுதான், திருச்செங்கோட்டிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்தேன்.

பெரிய உடம்பு. சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். அதை அவர் வெளியே எடுக்கவே இல்லை. "மவுசத் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார். குறட்டை வேறு.

கால் மணி நேரம் கழித்துச் சட்டென்று எழுந்தார். "இப்ப நின்னு போச்சுங்க."

மவுசை அசைத்துப் பார்த்தேன். உண்மைதான், திரை எழவில்லை.

"தூக்கத்துல எப்படிங்க தெரிஞ்சுது?"

"போர்வெல் போடற ரிக் வண்டியில படுத்துப் பழகுன உடம்புங்க. கம்ப்ரசர் ஓடற வரைக்கும் தூங்கும், சத்தம் மாறுனா முழிச்சுக்கும். இங்க கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் மாறுச்சு. உங்க கிராபிக்ஸ் கார்டு ரொம்ப ஆழமாத் தூங்கிருதுங்க. லேசாத் தூங்கறாப்புல மாத்தி உடறனுங்க."

செட்டிங்கில் எதையோ மாற்றினார். சோதித்துப் பார்க்க வேண்டுமென்று மறுபடியும் சாய்ந்தார்.

திரை அணைந்தது. அரை மணி கழித்து மவுசைத் தொட்டேன். டிசைன் அப்படியே வந்து நின்றது. அவர் மட்டும் எழவில்லை. கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன், டீயை மூக்கருகே நீட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

டிசைனைத் தறிக்கு அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தேன். ஃபேன் நின்றது.

துள்ளி எழுந்தார். "மறுபடியும் நின்னு போச்சுங்களா?"