ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தாள்

தேதித்தாள் கட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு விரட்டு விரட்டுகிறார் சண்முகத்தாய். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை சரசரவென்று ஓடி முடிகிறது. நடுவில் ஒரு தேதி விட்டுப்போயிருந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும்.

திருத்தங்கல் காலண்டர் கம்பெனியில் பதினாறு வருஷமாக இதுதான் வேலை. ஆடிப்பெருக்கு தாண்டினால் சீசன். ஒரு நாளைக்கு நானூறு கட்டு பார்க்கிறார். அப்படியென்றால் ஆகஸ்ட் இருபத்திரண்டும் நாளைக்கு நானூறு தடவை அவர் விரலுக்கடியில் போகிறது. கேட்டால், “அது பாட்டுக்குப் போகுது. அதுக்காக நான் லீவு போடவா?” என்கிறார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அந்தத் தேதியோடு காலம் முடியும் என்று நம்பிய ஒரு சபை, முடிவைத் தானே தொடங்கிவைப்பதாக நினைத்து, அன்று காலை வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த டவுன் பஸ்ஸில் குண்டு வைத்தது. ஐந்து பேர் இறந்துபோனார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகுமீனா அதில் ஒருத்தி. இவருக்கு வலது காது போயிற்று. நாற்பதாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார், அதே ரூட் பஸ்ஸில், அதே ஜன்னலோரம்.

தப்பியவர்களையும் சபையில் இருந்தவர்களையும் பேட்டி கண்டு நான் புத்தகம் எழுதுகிறேன். எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். “இங்கன வாங்க. அந்தப் பக்கம் பேசுனா செவுத்துக்கிட்ட பேசுற மாதிரிதான்.” நான் ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “எனக்குப் பேரு இருக்குல்ல? அதை எழுத வேண்டியதுதானே.” சபைக்காரர்கள் பெயரை மாற்றிப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். இவரோ தன் பெயரைத் தெருப் பெயரோடு சேர்த்துப் போடச் சொல்கிறார்.

காரியாபட்டியில் பருப்புக் கடை வைத்திருப்பவனை மணிமுத்து என்று வைத்துக்கொள்வோம். குண்டு வைத்தவன் அல்ல. அன்று சபைக் கூடத்தில் கண்ணை மூடிக் காத்திருந்தவர்களில் ஒருவன். அவன் பேச்சைப் பதிவு செய்துவந்து போனில் போட்டுக் கொடுத்தேன். இடது காதில் வைத்துக் கேட்டார்.

“வெடிச்ச சேதி வந்ததும் சந்தோசப்பட்டோம்க்கா. ஆனா மறுநாளும் விடிஞ்சிருச்சு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். எனக்கும் அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. புத்தகத்தை அதோடு முடித்துவிட ஆசை. வெட்கமில்லாமல் கேட்டும் விட்டேன்.

“அழகுமீனா வந்து சொல்லட்டும், பெறகு நானும் சொல்றேன்.” குரல் உயரவில்லை. “சந்தோசப்பட்டானாம்ல. எனக்குக் கோவம் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். உங்க புஸ்தகம் முடியலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய?”

அடுக்கியிருந்ததில் ஒரு காலண்டரை உருவி, தாள்களைக் கொத்துக் கொத்தாகக் கிழித்தார். ஜனவரியும் மேயும் ஜூலையும் காலடியில் விழுந்தன. ஆகஸ்டில் மட்டும் ஒவ்வொன்றாகக் கிழித்து, இருபத்தொன்றோடு நிறுத்திக்கொண்டார்.

“அவன் கடையில மாட்டச் சொல்லுங்க. இருபத்திரண்டை அவனே கிழிக்கட்டும்” என்று சொல்லி, காலண்டரை என் மடியில் வைத்தார்.