சித்திரை வீதியில் ஒரு நெட் கனெக்‌ஷன்

வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் இன்டர்நெட் என்பதை நான் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. கனெக்‌ஷன் எடுக்கச் சொல்லி வந்த ஏஜென்டுகளில் ஒருவர் என்னைப் ‘பெரியவரே’ என்றார். இன்னொருவர் ‘எழுத்தாளர் சார்’ என்றார். அவ்வளவுதான். தலைக்குச் சாயம் பூசிய மறுநாளே ‘பெரியவரே’ என்று கேட்க நேர்ந்தவன் வேறென்ன செய்வான்?

முதலாமவரின் கேபிள் கொல்லைப்புறச் சந்து வழியாக வரும். “ஏங்க, மாடி வீட்டுல அதுதான் இருக்கு. நின்னதே இல்லயாம். அதையே போட்டுடலாம்” என்றாள் மனைவி. நான் எழுத்தாளர் சாருக்குரிய கம்பீரத்தோடு இரண்டாமவருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய கேபிள் எதிர்ச்சாரிக் கம்பத்திலிருந்து வீதியின் குறுக்கே தொங்கி எங்கள் ஜன்னலுக்கு வந்தது. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி. தேர் வரும்போது குறுக்கே கொடிக்கயிறுகூட இருக்கக் கூடாதென்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டபோது மட்டும் தெரியவில்லை.

மகளுக்கு வீடியோவில் வேலைக்கான நேர்காணல், சரியாகத் தேரன்று காலை. மாதக்கணக்காக அதற்குப் படித்திருந்தாள். காலையில் பார்த்தால் எங்கள் கேபிள் சுருட்டப்பட்டு எதிர்க்கம்பத்தில் செத்த பாம்பாகத் தொங்குகிறது. ஜனக்கூட்டத்தில் செல்போன் நெட்டும் படுத்துவிட்டது. விடாமல் அழுத்தியதில் எப்படியோ அந்த இரண்டாமவருக்கு லைன் கிடைத்தது.

“தேர் நெலைக்கு வந்ததும் கட்டிடறோம், எழுத்தாளர் சார்.”

“பொண்ணுக்கு இப்ப இன்டர்வியூங்க!”

“பெருமாளே வீதிக்கு வந்திருக்கார். சேவிச்சுட்டு வாங்களேன் சார்.”

போனை வைத்தேன். அந்தக் குழைவான குரலா, அதில் உருகிக் கையெழுத்துப் போட்ட நானா, எது அதிகம் குமட்டியது என்று சொல்லத் தெரியவில்லை. அலமாரியில் ரூட்டர் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மகள் என்னைத் திட்டக்கூட இல்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மாடி வீட்டம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு அவளை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். நான் மாடிப்படியில் நின்றேன். வெளியே ‘ரங்கா, ரங்கா’ என்று ஊரே வடம் பிடித்துக்கொண்டிருந்தது. மூடிய கதவைப் பார்த்து நானும் அதையே முணுமுணுத்தேன்.

கதவு திறந்தது. மகளின் முகம் தெளிவாக இருந்தது.

“எப்படிம்மா போச்சு?”

“நல்லாப் போச்சுப்பா. வீட்ட விட்டு வெளியூர்ல வந்து இருக்க முடியுமான்னு கேட்டாங்க. இன்னிக்கே ரயில் ஏறிடறேன்னு சொல்லிட்டேன்.”