பாங்க்சியாவுக்குப் போட்ட ரோஜா உரம்

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்காக இதை கார்ஹிங் ஆய்வகத்துத் தேநீர் அறைப் பலகையில் குத்தி வைக்கிறேன்.

இன்று காலை எங்கள் ஜெர்மன் வீட்டுக்கார அம்மாளின் ஜன்னலோரத் தொட்டியில் பாங்க்சியா கருகிக் கிடந்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய மகன் அனுப்பிய விதையில் முளைத்த காட்டுப்பூச் செடி. போன வருடம் அந்த மகன் அங்கேயே இறந்துவிட்டார்.

என் அறைத்தோழன் ரஹீம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"மண்ணுல சத்தே இல்லடா. பாவமா இருந்துச்சு. எங்க வீட்டு ரோஜாவுக்குப் போடுற மாதிரி ரெண்டு கை உரம் போட்டேன்."

அந்தச் செடிக்குச் சத்தில்லாத மண்தான் பிடிக்குமாம். ரோஜா உரம் அதற்கு விஷமாம்.

அம்மாள் திட்டவில்லை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "என் மகனும் இப்படித்தான். நான் ஊட்டி ஊட்டியே விரட்டினேன். மூச்சு முட்டுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினான்."

பிறகு ரஹீமின் தட்டில் இரண்டாவது துண்டு ஆப்பிள் கேக்கை வைத்தார். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான்.

நாளைக்கும் கேக் உண்டாம். போதும் என்று அவரிடம் சொல்லும் தைரியம் உங்களில் யாருக்காவது இருந்தால், கீழே பெயர் எழுதுங்கள்.