கோப்பெங்கில் ஒரு யூத விருந்தாளி

வீட்டு அறையை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: துண்டு காணாமல் போகும், பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் அதற்கும் நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுளைப் பற்றி விளக்கம் கேட்கிற விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. பேரா மாநிலத்துக் கோப்பெங்கில் எங்கள் மாடி அறைக்கு அப்படி வந்தவர் லிண்டா. மெல்பர்னில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், யூதர். அவருடைய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே தருகிறேன்.

பெயர்ப் பொருத்தம்

வந்த அன்று தேநீர் கொடுத்து எங்களை அறிமுகப்படுத்தினேன். நான் எஸ்தர், கணவர் சாலமன், பினாங்கில் படிக்கிற மகன் சாமுவேல். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் பைபிளின் பழைய ஏற்பாட்டைத் திறந்துதான் பெயர் வைப்பார்கள். அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டுல எல்லாருக்கும் எங்க ஆளுங்க பேரு. யூதச்சி நான்தான் வெள்ளைக்காரி பேரோட வந்திருக்கேன்."

இறால் சம்பல்

முதல் நாள் மதியம் மிளகாய் அரைத்து இறால் சம்பல் வைத்தோம். லிண்டா தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தார். இறால், பன்றி இரண்டும் அவர்களுக்கு ஆகாது. இறைச்சியோடு பாலும் சேரக்கூடாது. மோசே கொடுத்த சட்டம். அதே சட்டம் எங்கள் பைபிளிலும் இருக்கிறது, ஆனால் கிறிஸ்து வந்தபின் அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு இல்லை என்று விளக்கினேன்.

எங்களுக்குச் சமையலில் உதவுகிற அமுதா, கோயிலுக்குப் போகிற பெண், மாட்டிறைச்சியைத் தொடமாட்டாள். மீன் கறிக்குத் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்கு மாடு ஆகாது, அவங்களுக்குப் பன்றி ஆகாது. நீங்கதான் அக்கா ஒண்ணையும் விட்டு வைக்கிறதில்ல லா."

வந்தவரா, வரப்போகிறவரா

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது லிண்டா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். மறுநாள் ஊருக்குப் பக்கத்துக் குகையைப் பார்க்கப் போகலாம் என்று சாலமன் கூப்பிட்டதற்கு, இந்த மெழுகுவர்த்தியோடு ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, சனிக்கிழமை முழுக்க வண்டியில் ஏறமாட்டேன் என்றார். எங்களுக்கு ஞாயிறு, இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று சாலமன் சொல்ல, பேச்சு, உலகை மீட்கக் கடவுள் அனுப்புகிற மேசியாவில் போய் நின்றது.

"இயேசு நல்ல யூதர். ஆனா ஒரு மனுஷனைக் கடவுள்னு கும்பிட என்னால முடியாது. கடவுள் ஒருத்தர்தான்," என்றார் லிண்டா. நாங்களும் ஒரே கடவுளைத்தான் கும்பிடுகிறோம் என்று சாலமன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூன்றையும் விளக்கப் புறப்பட்டார். பாதியில் அவருக்கே குழம்பிவிட்டது. மேசியா இனிமேல்தான் வருவார் என்றார் லிண்டா. வந்துவிட்டார், மறுபடியும் வருவார் என்றேன் நான். போர்வை மடித்துக்கொண்டிருந்த அமுதா நிமிரவே இல்லை. "யார் வந்தாலும் ரூம் சுத்தமா இருக்கணும். அவ்வளவுதானே அக்கா?"

தலையில் வைத்த கை

தேவசகாயம் அண்ணன் எங்கள் சபையின் மூப்பர், ஈப்போவில் கார் பட்டறை வைத்திருக்கிறவர். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தவர், லிண்டா யூதர் என்று கேட்டதும், இயேசு பிறந்த இனமாயிற்றே என்று கண் கலங்கிப்போனார். அனுமதி கேட்காமலே லிண்டாவின் தலையில் கை வைத்து, இயேசுவை ஏற்றுக்கொள்ளும்படி ஜெபிக்கத் தொடங்கினார். லிண்டா எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"என் அப்பா பொறந்த ஊருல கிறிஸ்தவங்க இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. முதல்ல எங்களுக்காக ஜெபம். அப்புறம் எங்க வீட்டுக்குத் தீ," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மூப்பரை எதிர்த்து நான் பேசியதே கிடையாது. "அண்ணே, அவங்க என் வீட்டு விருந்தாளி. இனிமே இப்படிச் செய்யாதீங்க," என்றேன். அண்ணன் பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அன்புலதான் செஞ்சேன் எஸ்தர். அது அவங்களுக்கு இப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியாது."

அப்பாவின் நினைவு நாள்

செவ்வாய்க்கிழமை லிண்டாவின் அப்பா இறந்த நாள். அன்றைக்குச் சொல்ல வேண்டிய ஜெபத்துக்குப் பத்து யூதர்களாவது கூட வேண்டுமாம். பேராவில் பத்துப் பேருக்கு எங்கே போவது? அவர் தனியாக விளக்கேற்றத் தயாரானபோது நான் சொல்லிக் கேள்விப்பட்ட தேவசகாயம் அண்ணன் பம்பளிமாஸ் பழத்தோடு வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்டார். பத்துப் பேர் கணக்கில் சேரமாட்டோம் என்று தெரியும், சும்மா கூட உட்காரலாமா என்றார். லிண்டா கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

இரண்டு பேர் வேதத்திலும் இருக்கிற தாவீதின் சங்கீதம் ஒன்றை லிண்டா எபிரேயத்தில் வாசித்தார். அதையே அண்ணன் தமிழில் வாசித்தார். முடிந்ததும் எனக்குப் பயம். இயேசுவின் நாமத்தில் என்று சொல்லாமல் அண்ணன் எந்த ஜெபத்தையும் முடித்ததில்லை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு "ஆமென்" என்று மட்டும் சொன்னார். லிண்டாவும் "ஆமென்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல்லால் அண்ணனைக் கூப்பிட்டார்: "அண்ணே, இந்த ஒரு வார்த்தைக்கு நமக்கு விளக்கம் தேவைப்படல."

அடுத்து வந்த விருந்தாளிக்கு வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான் தேவைப்பட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.