சிலுவைதாசனின் இரண்டாம் குதிப்பு

ராஜாக்கமங்கலம்துறையில் சிலுவைதாசனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊருக்கு அவர் 'ஹீரோ'. 1994-இல் வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு சினிமா எடுத்தபோது, கதாநாயகனுக்குப் பதிலாகப் பாறையுச்சியிலிருந்து கடலில் குதித்தவர் அவர்தான். அந்த ஒரு குதிப்பில்தான் பெண்ணும் கிடைத்தது, மீன் ஏலக்கூடத்தில் உட்கார நாற்காலியும் கிடைத்தது.

இப்போது அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். இயக்குநர் பழையவரேதான், எண்பதை நெருங்கிவிட்டார். கதாநாயகனும் பழைய நடிகரேதான், தலைமுடி மட்டும் புதிது. குதிக்கவும் பழைய ஆளே வேண்டும் என்று சொல்லியனுப்பியபோது, சிலுவைதாசன் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததும், கடலில் குதிக்கவே கூடாதென்று டாக்டர் சொன்னதும் மனைவி கிளாராவுக்கு மட்டுமே தெரியும்.

நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்தது. பூசையில் வேண்டிக்கொள்ளச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கருத்து எழுதிக் கொடுத்தார்: 'சிலுவைதாசன் பாறையிலிருந்து நல்லபடியாகக் குதிக்க.' ஞாயிற்றுக்கிழமை சாமியார் அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். படப்பிடிப்பன்று ஊரே வேன் பிடித்து வந்துவிட்டது.

"மனசுல சொன்னா கடவுளுக்குக் கேக்காதாக்கும்? இனி எப்பிடி மாட்டேன்னு சொல்லுவிய?" என்றாள் கிளாரா.

"ஏட்டி, நீ சும்மா கெட."

அவள் சும்மா கிடக்கவில்லை. நேரே இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் ஊன்றுகோலோடு ஒப்பனை வண்டிக்குள் ஏறி, வேஷம் போட்டு உட்கார்ந்திருந்த சிலுவைதாசன் பக்கத்தில் அமர்ந்தார்.

"எனக்கும் ஸ்டென்ட் இருக்கு, ரெண்டு. தயாரிப்பாளருக்குத் தெரியாது. நடிக்கிற ஹீரோவுக்கு முட்டி மடங்காது. அதையும் வெளியே சொல்லலை."

"ஒரு பொம்மையைக் கட்டித் தள்ளிரலாமே சார்?"

"தள்ளலாம். ஆனா பழைய ஆளுங்க மூணு பேரும் இருக்கோம்னு சொல்லித்தான் இந்தப் படத்தையே வித்திருக்காங்க. ஒருத்தன் போனா மத்த ரெண்டு பேரையும் சந்தேகப்படுவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போகட்டும். உயிர் பெருசு. நீயே வெளியே போய் உங்க ஆளுங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடு, சிலுவை. நான் சமாளிச்சுக்கறேன்."

சிலுவைதாசன் கதவைத் திறந்தார். "ஹீரோ வந்தாச்சு!" என்று கூட்டம் கத்தியது. ஏலக்கூடத்து ததேயுஸ் முன்னால் நின்று, "ஓய், பழைய மாதிரி தலைகீழாத்தான் விழணும், கேட்டீரா? குண்டியடிச்சு விழப்பிடாது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிலுவைதாசனுக்கும் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் விலகுங்க மக்கா," என்றார். "மேல ஏறணும்."

அவர் கழற்றிப் போட்ட செருப்பைக் கிளாரா குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.