இறங்கிய நாற்காலி

அந்தச் சலூன்காரருக்கு விசிலடிக்க வராது. அவருடைய அப்பாவுக்கும் வந்ததில்லை. முகத்தில் தொடங்கித் தோளுக்கு இறங்கி, தசையைக் கரைக்கும் பரம்பரை நோய் அது. கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் அப்பா கடையை மகனிடம் விட்டார். இப்போது கல்லூரிக்குப் போகும் இவர் மகளுக்கும் விசில் வரவில்லை.

அதனால்தான், புதிய மருந்தைச் சோதிக்க ஆள் தேடுகிறார்கள் என்றதும் அவர் போய்ச் சேர்ந்தார். தனக்குப் பலித்தால் மகளுக்கும் வழி பிறக்கும். ஊசி போட ஆரம்பித்த பிறகு, நாள் முழுக்க முடி வெட்டியும் தோள் வலிக்கவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம், "கை நல்லா வருது" என்றார்.

ஒருநாள் வாடிக்கையாளரான தபால்காரர் சிரித்தார். "என்னண்ணே, விட்டா என்னைத் தரையிலயே உக்கார வெச்சிடுவீங்க போல? கண்ணாடியில மண்டை மட்டும்தான் தெரியுது. மீசை எங்க?"

சலூன்காரர் குனிந்து பார்த்தார். மிதியை அழுத்தினால் ஏறி இறங்கும் நாற்காலி அடிமட்டத்தில் கிடந்தது. அவர் கால்தான், அவரைக் கேட்காமலே, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறது. கத்தரி உயர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தன்னை அளக்கத் தானே வைத்திருக்கும் அளவுகோலும் தன்னோடு சேர்ந்து குறுகினால், ஒருவருக்கு எப்படித் தெரியும்?

"மருந்து ஒண்ணும் பண்ணல. எல்லாம் நாற்காலி பண்ண வேலை," என்றார் மனைவியிடம்.

"ஆஸ்பத்திரியில சொல்லட்டும். அதுக்குள்ள பொண்ணுகிட்ட வாயத் திறக்காதீங்க."

அடுத்த பரிசோதனையில் பிசியோதெரபிஸ்ட் அம்மா அவரைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்தார். முதுகை வளைத்து ஏமாற்ற முடியாது. கை மெல்ல உயர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

"போன வருஷம் நின்ன அதே இடம்."

"ஏறலையா?"

"ஏறல. ஆனா அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் இறங்கிட்டே வந்துச்சே, மறந்துட்டீங்களா?"

அவர் நாற்காலி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கை விழல சார், வலிக்குமோன்னு பயந்துதான் நாற்காலியை இறக்கியிருக்கீங்க. ஆனா உங்க ஒருத்தரை வெச்சு மருந்தை மெச்ச முடியாது. மத்தவங்க முடிவும் வரட்டும்."

இதைக் குணம் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் இறங்கிக்கொண்டே இருந்த ஒன்று நின்றிருக்கிறது. பஸ்ஸில் வரும்போதே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

அடுத்த முறை தபால்காரர் உட்கார்ந்ததும் சலூன்காரர் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"போதும்ணே! ஃபேன்ல தலை மாட்டிக்கப் போகுது!"

"மீசை தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

கத்தரி உயர்ந்தது. தோள் கொஞ்சம் முனகியது. முனகட்டும் என்று அவர் வெட்ட ஆரம்பித்தார்.